ஊருக்கு ஒரே நூல்: பதிவேட்டில் ஏறாத படிகளின் கணக்கு

மே 4, தொடக்கக் கேள்வி (வாசகர் ஒருவர்)

"ஒரு நூலகம் ஒரே நூலைத் தேர்ந்தெடுத்து, ஊர் மக்கள் அனைவரும் குறிப்பிட்ட காலத்துக்குள் அதை வாசித்துவிட்டுக் கூடிப் பேச வேண்டும் என்று அறிவிப்பது வெளிநாடுகளில் வாடிக்கையாகிவிட்டது. இது வாசகரின் விருப்பத்தில் கைவைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தவிர, நம் கிளை நூலகங்களில் நாளிதழ் படிக்க நாற்காலி கிடைப்பதே பெரும்பாடு. இங்கே இது நடக்காது. நடந்த ஊர் ஏதேனும் உண்டென்றால் சொல்லுங்கள்."

மே 5

உண்டு. எங்கள் ஊரில் இருமுறை செய்து பார்த்தோம். முதல் முறை படுதோல்வி. இரண்டாம் முறை என்ன ஆனது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. காவிரிப் படுகையில் உள்ள சிறு நகரம். பெயரைச் சொன்னால் நூலகர் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை. வாசகர் வட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் ஆறு ஆண்டுகள் செயலாளர், அதாவது நாற்காலி அடுக்குபவர்.

முதலில் இந்த ஏற்பாடு தொடங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சியாட்டில் பொது நூலகத்தில் நான்சி பெர்ல் என்னும் நூலகர், 1998-இல், 'சியாட்டில் முழுவதும் ஒரே நூலை வாசித்தால்?' என்ற பொருள்படும் தலைப்பில் இதைத் தொடங்கினார். முதலில் எடுத்துக்கொண்டது ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய ஒரு நாவல். பள்ளிப் பேருந்து விபத்தொன்றில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிற்றூர் ஒன்றைப் பற்றியது. ஊர் கூடிப் பேசுவதற்கு, ஓர் ஊரே துக்கத்தில் இருக்கும் கதையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்காது என்பது என் எண்ணம். 2001-இல் சிகாகோ பொது நூலகம் இதே வழியில் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை எடுத்துக்கொண்ட பிறகு மற்ற நகரங்களும் பின்தொடர்ந்தன. டப்ளின் நகர நூலகம் 2006 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறது.

விருப்பத்தில் கைவைக்கிறது என்ற உங்கள் குற்றச்சாட்டுக்குப் பாதி உடன்படுகிறேன். மீதிப் பாதிக்கு எங்கள் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். அது ஒரே மூச்சில் எழுதிவிடக்கூடியதல்ல. இடையிடையே வந்து எழுதுகிறேன்.

மே 5, இரவு

படுக்கப் போன பிறகு தோன்றியது. உங்கள் கட்சிக்கு வலு சேர்க்கும் சாட்சி ஒருவர் இருக்கிறார். அவரை நீங்கள் அழைக்காததால் நானே அழைக்கிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. ஊருக்கே ஒரே நூல் என்னும் ஏற்பாடு இவ்விரண்டுக்கும் நேர் எதிரானதாகத் தெரிகிறது. எங்கள் நூலகர் அம்மையாரிடம் முதன்முதலில் இதைச் சொன்னபோது, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் ஐந்து விதிகளின் அச்சுத்தாளை அவர் விரலால் தட்டிக் காட்டியதை மறக்க முடியாது.

அதே ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். அதைத் தொடங்கி வைத்தவரும் இதே ரங்கநாதன்தான். விதியை எழுதியவருக்கு வண்டியும் தேவைப்பட்டிருக்கிறது. இந்த வண்டிக்குப் பிறகு திரும்ப வருகிறேன்.

மே 8

முதல் முயற்சி. நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல நாவல், நானூறு பக்கத்துக்கு மேல். ஆசிரியர் வாழ்ந்துகொண்டிருப்பவர். தோல்வியில் அவருக்குப் பங்கில்லை என்பதால் பெயர் வேண்டாம்.

எங்கள் கிளையில் அந்த நாவல் ஒரே ஒரு படிதான் இருந்தது. இதில் நூலகரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பொது நூலகங்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வீட்டுவரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியால் நடப்பவை. இன்று அது வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. எந்த நூல் வாங்குவது என்பது மேலே முடிவாகி, ஒவ்வொரு தலைப்பிலும் ஒன்றிரண்டு படிகளாகக் கிளைகளுக்குப் பிரிந்து வரும். பல நூல்களில் ஒவ்வொரு படி என்பதே ஒரு நூலகத்தின் இயல்பான அமைப்பு. நாங்கள் கேட்டதோ ஒரே நூலில் பல படிகள். இந்த முரண் எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

வட்டத்தில் பணம் திரட்டிப் பன்னிரண்டு படிகள் வாங்கி நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தோம். கொடுத்தவுடன் அவை சேர்க்கைப் பதிவேட்டில் ஏறின, ஒவ்வொன்றுக்கும் எண் விழுந்தது, முகப்பிலும் உள்ளே ஒரு ரகசியப் பக்கத்திலும் முத்திரை விழுந்தது. மூன்று மாதம் என்று அறிவித்தோம். இரண்டு வாரத் தவணை என்று வைத்துக்கொண்டால் ஒரு படி ஆறு கை மாறலாம்; பன்னிரண்டு படிகள் எழுபத்திரண்டு கை மாறலாம். முப்பதாயிரம் பேர் வாழும் ஊரில் எழுபத்திரண்டு பேர் படிப்பதை 'ஊர் வாசிக்கிறது' என்று பதாகை எழுதி மாட்டினோம். பதாகைக்கு ஆன செலவு மூன்று படிகளின் விலை.

எழுபத்திரண்டுகூட நடக்கவில்லை. மூன்று மாத முடிவில் பன்னிரண்டு படிகளின் தேதிச் சீட்டுகளையும் நானும் அம்மையாரும் உட்கார்ந்து எண்ணினோம். மொத்தம் முப்பத்தொரு முத்திரைகள். இரண்டு படிகள் ஒரே வீட்டில் மூன்று மாதமும் இருந்தன. கேட்டால், "ஆளுக்கொரு நாளா படிச்சிட்டிருக்கோம் சார்" என்றார்கள். ஒரு படியின் சீட்டில் முத்திரையே இல்லை. நிறைவுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். முழுதும் படித்தவர்கள் நான்கு பேர். அந்த நால்வரும் வாசகர் வட்டத்துக்காரர்கள். இறுதி அத்தியாயத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஐந்து பேர் கேட்டுக்கொண்டதால், நால்வரும் முதல் பாதியைப் பற்றியே பேசிவிட்டு வீடு திரும்பினோம்.

மே 9

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். பதாகையின் விலை மூன்று படிகளின் விலை என்று எழுதியது மிகை. இரண்டு படிகளின் விலை. ஆத்திரத்தில் எழுதிவிட்டேன்.

முக்கியமான ஒன்றை விட்டும்விட்டேன். அம்மையார் ஏன் அந்தப் படிகளைத் தாராளமாக வெளியே விடவில்லை என்பது. உறுப்பினர் அட்டை இல்லாதவருக்குத் தர முடியாது. தேநீர்க் கடையில் ஒரு படி வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு ஒப்பவே முடியாது என்றார். பதிவேட்டில் ஏறிய நூல் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சில வேளைகளில் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டியவரும் அவரே. "எனக்கும் ஆசதான் சார். ஆனா ஓய்வு பெறும்போது இருப்பு சரிபார்த்துத்தான் விடுவாங்க" என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. இப்போது நினைத்தால், நான் கேட்டது அவருடைய ஓய்வூதியத்தை அல்லவா!

மே 13

நூலைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய சிக்கல் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பெரிய சிக்கல் என்று நாங்களும் நினைத்தோம். நியூயார்க்கும் நினைத்தது; 2002-இல் அங்கே தேர்வுக் குழு இரண்டு நூல்களுக்கிடையே பிளந்து, இது யாரைப் புண்படுத்தும், அது யாரைப் பிரதிநிதித்துவப்படுத்தும் என்று வாதிட்டு, ஏற்பாடே சிரிப்பாய்ச் சிரித்துப் போனது. விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் அந்த வேளையில், ஊரே ஒரே நூலைப் படிப்பதென்பது எல்லாரும் கிளம்பிப் போய் ஒரே கடையின் கோழித்துண்டை ஒரே நேரத்தில் தின்பதைப் போன்றது என்று கிண்டலடித்தார். உங்கள் தொடக்கக் கேள்வியை அவர் படித்திருந்தால் கைகுலுக்கியிருப்பார்.

நான்சி பெர்ல் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. இது நூலக நிகழ்ச்சி. குடிமைப் பயிற்சி அன்று. இன வேற்றுமையை இலக்கியம் தீர்த்துவைக்கும் என்ற நோக்கத்தில் செய்வதும் அன்று என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். (பின்னாளில், 2003-இல், ஒரு பொம்மை நிறுவனம் அவரைப் போலவே நூலகர் பொம்மை செய்து விற்றது, பொத்தானை அழுத்தினால் விரல் உதட்டுக்குப் போய் 'உஷ்' காட்டும். ஊரையே பேசவைக்க முயன்றவருக்குக் கிடைத்த சிலை அது.)

எங்கள் குழுவிலும் சண்டை நடந்தது. சாதி பற்றிய நாவல் வேண்டாம், சாதி பற்றிப் பேசாத நாவலும் வேண்டாம். வட்டார வழக்கு புரியாது, பொதுத் தமிழ் உயிரில்லாதது. கடவுள் மறுப்பு இருந்தால் ஒரு தெரு வராது, பக்தி இருந்தால் இன்னொரு தெரு வராது. நான்கு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. ஆனால் முப்பத்தொரு முத்திரைகளை எண்ணிய அன்று எனக்குத் தோன்றியது இதுதான்: எந்த நாவலை எடுத்திருந்தாலும் முப்பத்தொன்றுதான் வந்திருக்கும். நூலில் கோளாறு இல்லை, படி நகரவில்லை.

சிகாகோவில் வாசிப்பவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளச் சிறு சின்னம் கொடுத்தார்கள். ரயிலில் எதிரே இருப்பவர் அதே நூலைப் படிப்பவர் என்று தெரிந்தால் பேச்சுக் கொடுக்கலாம் அல்லவா? எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது, சட்டையில் எதையாவது குத்திக்கொண்டால் எந்தக் கட்சி என்றுதான் முதலில் கேட்பார்கள் என்றார் தலைவர். விட்டுவிட்டோம்.

மே 14

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பருக்கு நன்றி. முதல் குறிப்பில், இந்த ஏற்பாடு 1998-இல் சியாட்டிலில் பிறந்தது என்பதுபோல எழுதியிருந்தேன். நூலகம் நடத்தும் திட்டம் என்ற அளவில் அது சரி. ஊர் கூடி ஒரே நூலை வாசிப்பது என்ற அளவில் வெட்கப்பட வேண்டிய பிழை.

அவர் சொல்வது கந்தபுராண படனம். கோயிலில் ஒருவர் பாடலை இசையோடு வாசிப்பார். இன்னொருவர் பயன் சொல்வார். பயன் சொல்வது என்றால் பொருள் விரிப்பது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தாரின் வாழ்முறைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயர் வைத்தது இதை வைத்துத்தான். சபையில் ஏடு இருப்பது ஒன்றோ இரண்டோ. கேட்பவர் அத்தனை பேர்.

நம் பக்கத்திலும் வடக்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவில் அதே பகுதி கூத்தாகும். முடிவில் படுகளம், தீமிதி. அடிப்படையாக வைத்துக்கொள்வது வில்லிபாரதம். மழை பொய்த்தால் விராட பருவம் படித்தால் பெய்யும் என்று ஊரார் நம்புவது பலரும் அறிந்ததே. ஊருக்கு ஒரே நூல், குறிப்பிட்ட நாள்கள், கூடிப் பேசும் களம் என மூன்றும் அங்கே இருக்கின்றன. எழுத்தறிவு என்னும் நிபந்தனை மட்டும் இல்லை. சியாட்டில் கணக்கில் எழுத்தறிவு என்பது எல்லாருக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று. எங்கள் ஊர்க் கணக்கில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. இதை நான் இரண்டாம் முயற்சியில்தான், அதுவும் பூக்கட்டும் பெண்களிடம், கற்றுக்கொண்டேன்.

மே 20

இரண்டாம் முயற்சி. நாவலை விட்டோம், சிறுகதைக்கு வந்தோம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. தேர்வுக்கு ஒரே கூட்டம் போதுமானதாக இருந்தது. காரணம் இலக்கிய நயம் அன்று, காப்புரிமை. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அது இல்லாவிட்டாலும், 1948-இல் மறைந்தவர் என்பதால் இந்தியச் சட்டப்படி அறுபது ஆண்டுக் காலமும் 2008-ஓடு முடிந்துவிட்டது. யாரிடமும் கேட்காமல் எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

முதலில் ஒரு பதிப்பிலிருந்து அப்படியே ஒளிநகல் எடுக்கப் போனேன். வட்டத்தில் உள்ள வழக்கறிஞர் தடுத்தார்: கதை பொதுவுடைமை, ஆனால் பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பும் அவர் செய்த உழைப்பும் பொதுவுடைமை அல்ல. எனவே நாங்களே தட்டச்சு செய்தோம். மூவர் பிரித்துக்கொண்டு, ஒரு வாரம். இருபுறமும் அச்சிட்டால் ஏழு தாள். பக்கத்துக்கு ஒரு ரூபாய். இருநூற்றைம்பது படிகளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பன்னிரண்டு நாவலுக்கு ஆனதைவிடக் குறைவு.

இந்தப் படிகளை நூலகத்துக்கு நன்கொடையாகத் தரவில்லை. மேசைமேல் அடுக்கிவைத்தோம், அவ்வளவே. பதிவேடு இல்லை, அட்டை இல்லை, தவணை இல்லை. ஒவ்வொன்றிலும் எண் மட்டும் முத்திரையிட்டு, கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் கட்டம் போட்டு, 'படித்தவர் பெயரின் முதலெழுத்து, தெரு. பிறகு அடுத்தவரிடம் கொடுக்கவும்' என்று எழுதினோம். அம்மையார் முதல் படியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது தொலைஞ்சா யாரும் என்னக் கேக்க மாட்டாங்கல்ல?" என்றார். கேட்க மாட்டார்கள் என்றோம். அடுத்த நாளே அவர் இருபது படிகளைத் தம் கைப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய், பேருந்தில் உடன் வருபவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார். முந்தைய ஆண்டு தேநீர்க் கடைக்கு ஒரு படி தர மறுத்தவர் இவர்தான். வண்டியைப் பற்றித் திரும்ப வருவேன் என்றேனே, மேலவாசல் மாட்டுவண்டியை நான் எங்கள் ஊரில் பார்த்தது அன்றைக்குத்தான், கைப்பை வடிவில்.

நூலகம் என்பது படியைக் காப்பதற்காகக் கட்டப்பட்ட அமைப்பு. ஊர் வாசிப்புக்கு வேண்டியது தொலையத் தயாராக இருக்கும் படி. இவ்விரண்டையும் ஒரே பதிவேட்டில் எழுத முயன்றதுதான் முதல் ஆண்டு நாங்கள் செய்த பிழை என்பது இன்றைய என் கருத்து. அம்மையார் இதை ஏற்கவில்லை. நாவல் நீளம், கதை குட்டை, அவ்வளவுதான் வேறுபாடு என்கிறார்.

மே 20, பிற்சேர்க்கை

தட்டச்சுப் பிழை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது, ஏனென்றால் அதைச் செய்தவன் நான். கதையின் தொடக்கத்தில் கந்தசாமிப் பிள்ளை சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்றுகொண்டு, டிராமில் போவதா நடந்து போவதா என்று கணக்குப் போடுவார். நான் ஒரு காலை விட்டு 'டிரம்' என்று தட்டிவிட்டேன். இருநூற்றைம்பது படிகளிலும் மனிதர் டிரம்மில் ஏறுவதைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கிறார். பெரியவர்கள் பிழை என்று கண்டுகொண்டு கடந்துபோனார்கள். பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவன் ஒருவன் மட்டும் கூட்டத்தில் எழுந்து, கடவுள் வரும் கதை என்பதால் தொடக்கத்திலேயே இப்படி ஓர் அபத்தம் வைத்து ஆசிரியர் நம்மைத் தயார்படுத்துகிறார் என்று விளக்கினான். நன்றாகவே விளக்கினான். உண்மையைச் சொன்னேன். சென்னையில் டிராம் ஓடியதும் 1953-இல் நின்றதும் அவனுக்குப் புதிய செய்தி. பிறகு அரை மணி நேரம் டிராமைப் பற்றியே பேச்சு. தன் இளவயதில் அதில் ஏறியதாகச் சொன்ன முதியவர் ஒருவர் அன்றைக்கு நாயகராகிவிட்டார். கந்தசாமிப் பிள்ளையும் கடவுளும் வாசலில் காத்திருந்தார்கள்.

மே 21

பூக்கட்டும் பெண்கள். கோயில் மேலவீதியில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் பிற்பகல் வேளையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து சரம் தொடுப்பார்கள். அவர்களில் ஒருவரின் மகள் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் மேசையிலிருந்து ஒரு படியை எடுத்துப் போயிருக்கிறாள். கை வாழைநாரில் இருக்கும், காது சும்மா இருக்கும் அல்லவா? அவள் வாசித்திருக்கிறாள், இரண்டு பிற்பகல்களாக. படியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கட்டத்தில் ஒரே ஓர் எழுத்துத்தான் போட்டிருந்தாள், தன்னுடையது. மற்றவர்கள் படிக்கவில்லை, கேட்கத்தான் செய்தார்கள் என்பது அவளுடைய நேர்மை.

கூட்டத்துக்கு அவர்களை அழைத்தோம். பொழுது சாயும் நேரம் வியாபார நேரம் என்பதால் வர இயலாது என்றார்கள். நானும் இன்னொருவரும் கொட்டகைக்குப் போனோம். இலக்கியக் கூட்டங்களில் நான் ஒருமுறையும் கேட்டிராத கேள்வி அங்கே வந்தது. கந்தசாமிப் பிள்ளை கடவுளை வீட்டுக்கு அழைத்துப் போய், மனைவியிடம் ஊர் உறவுக்காரப் பெரியப்பா என்றுதான் அறிமுகப்படுத்துவார். "வந்தது சாமின்னு அந்தப் பொம்பளைக்கிட்ட ஏன் சொல்லல? வரம் கேக்குற பாத்தியத அவரு ஒருத்தருக்குத்தானா?" என்று கேட்டார் மூத்தவர். அடுத்தவர், "சொன்னா நம்பியிருப்பாளா அக்கா, இவரு பேச்ச அவ எத்தன வருசமா கேட்டிட்டிருக்கா" என்றார். சரம் தொடுத்த கைகள் நிற்கவே இல்லை. நாங்கள் வாயைத் திறக்கவில்லை; எங்களிடம் பதிலும் இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'பயன் சொல்லுதல்' எனக்கு அந்தக் கொட்டகையில்தான் விளங்கியது.

மே 27

இப்போது கணக்கு. ஆறு வாரம் கழித்து மேசைக்குத் திரும்பி வந்தவை, இருநூற்றைம்பதில் தொண்ணூற்றாறு படிகள். அவற்றின் கட்டங்களில் மொத்தம் 214 குறிகள். பெருமையாக இருந்தது, மாலை வரை.

மாலையில்தான் படிகளைப் பிரித்து அடுக்கினேன். அறுபது படிகளை ஒரு பள்ளி மொத்தமாக வாங்கிப் போயிருந்தது. அதில் ஐம்பத்தெட்டு திரும்பி வந்தன. ஒழுங்கென்றால் அப்படி ஓர் ஒழுங்கு. ஐம்பத்தெட்டிலும் கட்டத்தில் ஒரே ஒரு குறி, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. தாள் மடங்கவே இல்லை. பின் குத்திய இடத்தில் தாள் பிரிந்த தடமும் இல்லை. விசாரித்தேன். கதைச் சுருக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பரிசு உண்டு என்றும் அறிவித்திருக்கிறார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், எல்லாப் பள்ளியிலும் இதுவே நடந்திருக்கும்.

தொடக்கத்தில் கேள்வி கேட்டவர் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். கட்டாயம் நுழைந்த இடத்தில் நூல் ஒரு கைக்கு மேல் போகவில்லை; அந்த ஒரு கையும் படித்த கை அன்று. ஐம்பத்தெட்டைக் கழித்தால் மீதம் முப்பத்தெட்டுப் படிகள், 156 குறிகள். படிக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். யாரும் யாரையும் கேட்காமல், தவணை இல்லாமல், நன்றாக அழுக்கேறி, முனை சுருண்டு, தேநீர்க் கறையோடு திரும்பியவை இவை. முந்தைய ஆண்டு நாவல் ஒன்றுக்கு மூன்று முத்திரைகூட விழவில்லை என்பதை நினைவில் கொள்க.

47-ஆம் எண் படி தனிக் கதை. சலூனில் இருந்திருக்கிறது, கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதிப் பத்தொன்பது குறிகள். கடைக்காரர், முடி வெட்ட வரிசையில் காத்திருந்தவர்கள் படித்தார்கள் என்றார். பாதி படித்தவர்கள் முறை வந்ததும் நாற்காலியில் ஏறிவிட்டு, இறங்கியதும் மீதியைப் படித்துவிட்டுப் போனார்களாம். ஒருவர் மட்டும் மீதியைப் படிக்க மறுநாள் முகச்சவரத்துக்கு வந்தார் என்றார். அதை நான் முழுக்க நம்பவில்லை.

மே 29

ஒருவர் கேட்டிருக்கிறார்: திரும்பாத படிகள் நூற்றைம்பத்து நான்கை ஏன் தோல்விக் கணக்கில் எழுதவில்லை என்று. தெரியாததை எந்தப் பக்கத்திலும் எழுத எனக்கு மனமில்லை. பலகாரம் மடித்திருக்கலாம்; படித்துக்கொண்டும் இருக்கலாம். பூக்கொட்டகைப் படியில் ஒரு குறி, கேட்டவர்கள் ஏழு பேர். அதையே எண்ணத் தெரியாத கட்டம் அது. அடுத்த முறை 'கேட்டவர்' என்று இன்னொரு வரிசை போடலாமா என்று வட்டத்தில் கேட்டேன். குறியே பெரிதாகிவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தைப் போல நாமும் ஆகிவிடுவோம் என்றார் வழக்கறிஞர். சரியென்றே படுகிறது. ஆனாலும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது.

ஜூன் 2

சிங்கப்பூர் வாசகருக்கு. ஆம், அங்கே தேசிய நூலக வாரியம் 2005-இல் 'ரீட்! சிங்கப்பூர்' என்று தொடங்கியபோது நான்கு மொழிகளிலும் நூல்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழும் அதில் ஒன்று. நாடு முழுவதற்கும் ஒரே நூல் என்பதை அங்கே நூல்களின் சிறு பட்டியலாகத் தளர்த்திக்கொண்டார்கள். ஒரே நூல் என்ற பிடிவாதம் ஒரே மொழி பேசும் ஊருக்குத்தான் பொருந்தும் என்ற உங்கள் கருத்தை ஏற்கிறேன். எங்கள் ஊரிலும் சௌராஷ்டிரம் பேசும் தெரு ஒன்று உண்டு, வெல்டிங் பட்டறைகளில் இந்தி பேசும் இளைஞர்கள் உண்டு. அந்த இளைஞர்களில் ஒருவன் நூலக வாசலில் நின்று மேசையைப் பார்த்துவிட்டுப் போனதை நான் கண்டேன்; கூப்பிடவில்லை. கூப்பிட்டு எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 6

தொடக்கக் கேள்வி கேட்டவர், எங்கள் தட்டச்சுப் படியின் கோப்பை அனுப்ப முடியுமா, தம் ஊர்க் கிளையில் முயன்று பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். டிராமைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்குக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நூலகரிடம் பதிவேட்டைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்றும்.

மே 27 குறிப்பில் ஒரு திருத்தம். குறிகள் 214 அல்ல, 213. எழுபத்தோராம் எண் படியில் நான் குறி என்று எண்ணியது மருதாணிக் கறை என்று அம்மையார் கண்டுபிடித்தார். முப்பத்தெட்டுப் படிகளுக்கு 155.